ஒரு கோடு போடத் தெரிந்தால் போதும்

கேள்வி:

கோயம்புத்தூரிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்கு ஐ.டி. வேலை, எனக்கு அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்பிரிங் பிரேக்குக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் பள்ளியிலிருந்து வரும் மெயில்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. புக் ஃபேருக்கு ஆள் வேண்டும், பிள்ளைகள் ஓடிப் பள்ளிக்குப் பணம் திரட்டும் ஜாகத்தானுக்கு ஆளும் வேண்டும் பணமும் வேண்டும், வகுப்பு பார்ட்டிக்குத் தின்பண்டம், டீச்சரோடு கான்ஃபரன்ஸ் என்று நாளுக்கு மூன்று மெயில். நான் இதுவரை பள்ளி கேட்டைத் தாண்டியதில்லை. ஆங்கிலம் புரியும், பேச வாயெடுத்தால் திக்கும். "ஃபீஸ் கட்டாத ஸ்கூல்தானே, அம்பது டாலர் அனுப்பிட்டா போதும், நீ போய் என்ன பண்ணப்போற?" என்கிறார் கணவர். போன வாரம் மகள், "எல்லா அம்மாவும் உள்ள வர்றாங்க, நீ மட்டும் ஏம்மா கார்லயே உக்காந்திருக்க?" என்று கேட்டாள். அன்றிரவு தூக்கமே வரவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். கொழுந்தன் கல்யாணத்துக்காக பிரேக்கோடு நான்கு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறோம். பள்ளியில் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா?

- பெயர் வேண்டாம், சான் ஹோசே அருகிலிருந்து.

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் உங்கள் மகளிடம் ஒரு சின்னத் திருத்தம். எல்லா அம்மாவும் உள்ளே வருவதில்லை. 24 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது நாலைந்து முகங்கள்தான். மற்றவர்கள் உங்களைப்போல் கார் வரிசையில் இருப்பார்கள், இல்லையென்றால் ஆபீசில். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அவள் கேட்டது உங்களைப் பற்றி. அதற்கு நீங்கள்தான் போய்ப் பதில் சொல்ல வேண்டும், ஒரே ஒரு நாளாவது.

எந்த நாள் என்று கேட்டால், ஜாகத்தான் நாள். யோசிக்காமல் சொல்கிறேன்.

ஏன் என்று சொல்ல, அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடோ ஆரஞ்சுக் கூம்புகளோ வைத்து ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் முதுகில் ஒரு அட்டையை ஊக்கு குத்தி ஓடுவார்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் வாலண்டியர் அந்த அட்டையில் மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிள்ளை மூச்சிரைக்க வந்து உங்கள் முன்னால் முதுகைத் திருப்பி நிற்கும், நீங்கள் கோடு போடுவீர்கள், அது அடுத்த சுற்றுக்குப் பறந்துவிடும். பக்கத்தில் நிற்கிற அம்மாவோடு பேசக்கூட நேரம் இருக்காது. இலக்கணமும் வேண்டாம், உச்சரிப்பும் வேண்டாம். ஐந்தாவது சுற்றில் உங்கள் மகள் மற்ற வாலண்டியர்களை எல்லாம் விட்டுவிட்டு உங்கள் வரிசைக்கு மட்டும் ஓடி வருவாள். கூடவே நாலு தோழிகளையும் இழுத்து வருவாள். அவர்கள் பெயரெல்லாம் அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கிலம் திக்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: பேசப் போகாதீர்கள், வேலை கேட்டுப் போங்கள். காபி மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள், அதற்கு அவசரமில்லை. கையில் காபியோடு நிற்கிறபோது பேசியே ஆக வேண்டும், அந்த அரை மணி நேரம் கொடுமை. கையில் கத்தரிக்கோல் இருந்தால் யாரும் உங்களிடம் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். லேமினேட் செய்த எழுத்துகளை வெட்டுவது, வீட்டுக்கு அனுப்பும் ஃபோல்டர்களில் தாள் சொருகுவது, நூலகப் புத்தகங்களை அடுக்குவது என்று ஆசிரியர்களுக்குச் சின்ன வேலைகள் குவிந்து கிடக்கும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே பேச்சு தானாக வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

நான் கோட்டைவிட்ட கதையையும் கேளுங்கள். என் பையன் கிண்டர்கார்டன் படித்தபோது வகுப்பு பார்ட்டிக்கு விடிய விடிய உட்கார்ந்து ரவா லட்டு பிடித்துக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முந்திரி. டீச்சர் சிரித்தபடியே வாங்கி, அதே சிரிப்போடு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். மூன்று மணிக்கு டப்பா அப்படியே என் கைக்குத் திரும்பி வந்தது. கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், அதனால் கடையில் வாங்கிய, சீல் உடைக்காத, சேர்மானப் பட்டியல் அச்சிட்ட பாக்கெட்தான் வேண்டும் என்று மெயிலில் தெளிவாகப் போட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை. காரில் உட்கார்ந்து இரண்டு லட்டைத் தின்றுவிட்டு அழுதேன். ஆகையால் தின்பண்ட மெயிலை மட்டும் கடைசி வரி வரை படியுங்கள். குழப்பமாக இருந்தால் நாப்கினும் பேப்பர் தட்டும் தருவதாக சைன்-அப்பில் எழுதிவிடுங்கள். அதற்கு எப்போதும் ஆள் கிடைக்காது.

விசா பற்றி உங்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கலாம், நீங்கள் எழுதவில்லை என்றாலும். எச்-4-இல் வேலை செய்ய அனுமதி இல்லாதவர்களுக்குத் தடை இருப்பது வேலைக்கு. எல்லாப் பெற்றோரும் காசு வாங்காமல் செய்கிற பள்ளித் தொண்டு அந்தக் கணக்கில் வராது.

ஆனால் ஒரு நாள் கூத்தோடு நிறுத்தாமல் வாரா வாரம் வகுப்புக்குள் போக ஆசை வந்துவிட்டால், காசநோய் இல்லை என்ற சான்று கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் பிள்ளைகளோடு அடிக்கடி பழகும் வாலண்டியர்களுக்கு அது விதி. இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். நமக்கெல்லாம் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பார்கள், தோளில் தழும்பு இருக்கும். கையில் ஊசி குத்தி இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கம் பார்க்கும் தோல் பரிசோதனையில், அந்தப் பழைய தடுப்பூசியாலேயே நோய்த்தொற்று இருப்பதுபோல் காட்டிவிடக்கூடும். அப்புறம் எக்ஸ்ரே, அலைச்சல். அதனால் டாக்டரிடம், "எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கு, ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுங்க" என்று முதலிலேயே கேளுங்கள். அதன் முடிவை பி.சி.ஜி. பாதிக்காது. இதைப் பிரேக் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜாகத்தானுக்குப் பெரும்பாலும் அடையாள அட்டையைக் காட்டி ஆபீசில் கையெழுத்துப் போட்டால் போதும், எதற்கும் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அம்பது டாலர்.

அவர் சொன்னதில் பாதி சரி. அனுப்ப முடிந்தால் அனுப்பட்டும், அது வீண் போகாது. கலிஃபோர்னியாவில் 1978-இல் 13-ஆம் முன்மொழிவு என்று மக்கள் ஒரு வாக்கெடுப்பில் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குக் கட்டிப்போட்டார்கள். பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்த உள்ளூர் வரிப்பணம் சுருங்கியது. பாட்டு வாத்தியார், ஓவிய வகுப்பு, நூலகத்தில் ஆள் என்று பல விஷயங்கள் பெற்றோர் திரட்டும் பணத்தில் ஓடத் தொடங்கின. கலைக்கும் இசைக்கும் தனியாக மாநில நிதி ஒதுக்க 2022-இல்தான் இன்னொரு வாக்கெடுப்பு வந்தது. ஆனால் இது நன்கொடைதான், கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் பாடத்துக்கோ பள்ளி நிகழ்ச்சிக்கோ பிள்ளையிடம் காசு கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது. காசு தராத பிள்ளையும் மற்றவர்களோடு சேர்ந்துதான் ஓடும்.

அவர் சொன்னதில் மற்றப் பாதி தப்பு. பி.டி.ஏ. என்கிற பெற்றோர்-ஆசிரியர் சங்கம் பணம் வசூலிக்கப் பிறந்தது இல்லை. 1897-இல் வாஷிங்டனில் அது தொடங்கியபோது அதன் பெயரே 'தாய்மார்களின் தேசியக் காங்கிரஸ்'. "நீ போய் என்ன பண்ணப்போற" என்று அன்றைக்கும் அவரவர் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள்.

அவரையும் சும்மா விடப்போவதில்லை. கான்ஃபரன்ஸுக்கு அவர் வந்தே ஆக வேண்டும். லீவு இல்லை என்பார். ஒரே இடத்தில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் என்றால், பிள்ளையின் பள்ளிக் காரியத்துக்காக ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை, மாதத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மிகாமல், லீவு எடுக்க கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டம் உரிமை தருகிறது. சம்பளத்தோடு தர வேண்டும் என்றில்லை, முன்கூட்டிச் சொல்லவும் வேண்டும். ஆனால் லீவு எடுத்ததற்காக வேலையில் கை வைக்க முடியாது. இந்த வரியை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

புக் ஃபேர், ஜாகத்தான், பார்ட்டி எதைத் தவறவிட்டாலும் குடி முழுகிவிடாது. கான்ஃபரன்ஸை மட்டும் விடக்கூடாது. கிடைப்பது பதினைந்து, இருபது நிமிடம். அதில் "எத்தனாவது ரேங்க்?" என்று உங்கள் கணவர் கேட்கப் போகிறார், இப்போதே தடுத்து வையுங்கள். இங்கே இரண்டாம் வகுப்பில் ரேங்க் கிடையாது. பல பள்ளிகளில் ஒன்றிலிருந்து நான்கு வரை எண் போடுவார்கள், மூன்று என்றால் அந்த வகுப்புக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றைப் பார்த்து முகம் சுளித்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன், டீச்சர் ஒன்றும் புரியாமல் விழித்ததையும்.

நீங்கள் கேளுங்கள்: மதியம் யாரோடு சாப்பிடுகிறாள்? ரிசஸில் தனியாக நிற்கிறாளா? புரியாதபோது கை தூக்குகிறாளா, சும்மா இருந்துவிடுகிறாளா? எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த பிள்ளைக்கு இந்தப் பதில்கள்தான் மதிப்பெண்.

இன்னொரு முக்கியமான கேள்வி. சேர்க்கும்போது வீட்டு மொழி தமிழ் என்று படிவத்தில் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதிய பிள்ளைகளுக்கு எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதில் மகள் எந்த நிலையில் இருக்கிறாள், ஆங்கிலம் கற்பவர் என்ற பட்டியலில் இருக்கிறாளா என்று கேளுங்கள். பட்டியலில் இருந்தால் ஆண்டுதோறும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே மறுபடி தேர்வு உண்டு. அவளுக்கு எந்த வாரம் என்று தெரிந்துகொண்டு டிக்கெட் போடுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் 21 பேரோ அதற்கு மேலோ இருக்கும் பள்ளியில் அவர்களின் பெற்றோருக்கென்று ஒரு ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும். ஆங்கிலம் திக்குகிற அம்மாக்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கும் இடம் அது. காபி மீட்டிங்கைவிட உங்களுக்கு அது தோதாக இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். ஆங்கிலம் போதாத பெற்றோருக்கு முக்கியமான விஷயங்களைப் புரியும் மொழியில் காசில்லாமல் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை, 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்திலிருந்து வருவது. தமிழுக்கு நேரில் ஆள் கிடைக்காவிட்டால் போனில் ஏற்பாடு செய்யலாம். ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். மகளைத் துபாஷி ஆக்காதீர்கள். தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை அதில் பாதியை விழுங்கிவிடும், நானாயிருந்தாலும் விழுங்குவேன்.

கடைசியாகக் கொழுந்தன் கல்யாணம். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? அத்தை மாமாவுக்குப் பேத்தியைப் பார்க்கிற ஆசை இருக்காதா? ஆனால் காய்ச்சல் பொய் வேண்டாம். நீங்கள் ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். அவள் திரும்பி வந்து மருதாணிக் கையோடு உட்கார்ந்து, விமானத்தில் பார்த்த படத்தையும் சேர்த்து வகுப்புக்கே கதை சொல்வாள். மேலும், அனுமதியில்லாமல் ஒரு கல்வியாண்டில் மூன்று நாள் வராத பிள்ளையை மட்டம் போடும் பிள்ளை என்று கலிஃபோர்னியாச் சட்டம் வகைப்படுத்திவிடும். நான்கு நாள் என்றால் வீட்டுக்குக் கடிதம் வரும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. இந்த மாநிலத்தில் பள்ளிக்கு வரும் பணம் பதிவேட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது இல்லை, தினம் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. காய்ச்சலென்றாலும் கல்யாணமென்றாலும் காலி நாற்காலிக்குக் காசு இல்லை. ஆகையால் இன்றைக்கே ஆபீசில் 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' உண்டா என்று கேளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, டீச்சர் தரும் பாடங்களை ஊரில் முடித்துக் கொண்டுவந்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்காகும். கிளம்புவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், திரும்பி வந்து கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கல்யாண வீட்டில் உட்கார்ந்து அவள் கணக்குப் போடுவாளா என்பது உங்கள் மாமியார் பாடு.

சைன்-அப் பட்டியலில் இரண்டாம் வகுப்பு ஓடும் நேரத்தைப் பார்த்து அந்தக் கட்டத்திலேயே பெயர் போடுங்கள். மகளிடம் முன்கூட்டிச் சொல்லலாமா, திடீரென்று போய் நிற்கலாமா என்று யோசிப்பீர்கள். சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே இருப்பாள். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மைதானத்தில் நிழல் இருக்காது. நல்ல மார்க்கர் ஒன்றும் பையில் இருக்கட்டும், அவர்கள் தருவது பாதி வழியில் காய்ந்துவிடும்.