பேஸ்பால் ஸ்டார்ட்டிங் பிட்சர்களின் விசித்திரமான தொடர் சாதனைகள் எவை? அவற்றை எப்படிச் சரியாக எண்ணுவது?

யாரைக் கேட்டாலும் ஓரல் ஹெர்ஷைசரின் 59 இன்னிங்ஸைத்தான் முதலில் சொல்வார்கள். 1988-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு வீசியபோது தொடர்ந்து 59 இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன். தொடர் எப்படி நீள்கிறது, யார் தயவில் நீள்கிறது, எந்த விதியால் அளக்கிறார்கள் என்ற மூன்றுக்கும் விடை அந்த ஒன்றிலேயே இருக்கிறது.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு இரண்டு வரி: ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். பேட்டர் மூன்று பேஸையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்தான் ஸ்டார்ட்டர். நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் அவர் முறை வரும். ஒன்பது இன்னிங்ஸையும் தானே வீசி ரன்னே கொடுக்காவிட்டால் அது ஷட்அவுட்.

ஹெர்ஷைசரின் கணக்கு இப்படி. ஆகஸ்ட் 30 அன்று மான்ட்ரியாலில் கடைசி 4 இன்னிங்ஸ். அடுத்து செப்டம்பர் 5, 10, 14, 19, 23 தேதிகளில் வரிசையாக ஐந்து ஷட்அவுட், அதில் 45. ஆக 49. செப்டம்பர் 28 அன்று சான் டியாகோவில் ஒன்பது இன்னிங்ஸ் முடித்தபோது 58. அது 1968-ல் அதே டாட்ஜர்ஸின் டான் டிரைஸ்டேல் வைத்திருந்த சாதனைக்குச் சமம். வழக்கமாக அங்கேயே ஆட்டம் முடிந்து, இருவர் பெயரும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கும். ஆனால் எதிரணியின் ஆண்டி ஹாக்கின்ஸும் அன்று ரன் கொடுக்கவில்லை. 0-0. அதனால் பத்தாவது இன்னிங்ஸ் வந்தது. ஹெர்ஷைசருக்குச் சமநிலையோடு நிறுத்திக்கொள்ளவே விருப்பம். மேனேஜர் டாமி லசோர்டாவும் பிட்சிங் கோச்சும் பேசி அனுப்பினார்கள். சொந்த அணி ரன் எடுக்கத் தவறியதால் வாய்த்த சாதனை அது.

அந்தப் பத்தாவது இன்னிங்ஸ் சுலபமாகவும் இல்லை. மார்வெல் வின் ஸ்ட்ரைக்அவுட் ஆனார். ஆனால் பந்து கேட்சரைத் தாண்டி ஓடியதால் முதல் பேஸுக்குப் போய்விட்டார் (மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காவிட்டால் ஓடலாம் என்பது விதி). அடுத்த இரண்டு அவுட்டில் அவர் மூன்றாவது பேஸ் வரை நகர்ந்தார். கேரி டெம்பிள்டனை வேண்டுமென்றே வாக்கில் (நான்கு பந்து தவறாக வீசினால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்) அனுப்பிவிட்டு, கீத் மோர்லேண்டை ரைட் ஃபீல்டில் கேட்ச் ஆக வைத்த பிறகுதான் 59. அவுட் ஆக்கப்பட்டிருக்க வேண்டிய பேட்டர் ஹோம் பிளேட்டிலிருந்து 90 அடி தூரத்தில் நின்றபடிதான் பழைய சாதனை முறிந்தது.

அம்பயர் பங்கும் உண்டு. செப்டம்பர் 23 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் உண்மையில் ஒரு ரன்னர் ஹோம் பிளேட்டைக் கடந்துவிட்டார். இரண்டாவது பேஸில் சறுக்கிய பிரெட் பட்லர் ஃபீல்டருக்கு இடைஞ்சல் செய்தார் என்று அம்பயர் பால் ரங்கி டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) கொடுக்க, ரன் ரத்தாயிற்று. 1968-ல் டிரைஸ்டேலுக்கும் இதே கதை. மே 31, ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், அவுட் இல்லை. பந்து பேட்டர் டிக் டீட்ஸ் மேல் பட்டது. பட்டால் ஒரு ரன் உள்ளே வர வேண்டும். டீட்ஸ் விலக முயலவே இல்லை என்று அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட் மறுத்துவிட்டார். அடுத்த மூவரும் அவுட். இந்த இரண்டு சம்பவத்திலும் எதிரணி ஒன்றுதான், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ். அந்த அணி ரசிகர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

இனி எண்ணும் விதி. டிரைஸ்டேல் வீசியது 58⅔ என்றும் 58 என்றும் இரண்டு விதமாகப் பார்ப்பீர்கள். ரன் விழுந்த இன்னிங்ஸில் அதற்கு முன் எடுத்த அவுட்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் வித்தியாசம். பின்னாளில் ஸ்டார்ட்டருக்கு முழு இன்னிங்ஸ் மட்டுமே கணக்கு என்று ஆனதால் ⅔ போயிற்று. பழைய எண்ணிக்கையான 58⅔-க்கும் 59-க்கும் இடையில் ஓர் அவுட்தான் இடைவெளி. பிளேஆஃப் ஆட்டங்களும் சேராது. ஹெர்ஷைசர் அந்த அக்டோபரில் நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக மேலும் 8 இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார்; அவை கணக்கில் இல்லை. 1989 ஏப்ரல் 5 அன்று சின்சினாட்டியில் முதல் இன்னிங்ஸிலேயே ரன் விழுந்து தொடர் அறுந்தது.

நீங்களே எக்செல்லில் எண்ணிப் பார்ப்பதானால் முதலில் சறுக்கும் இடம் இன்னிங்ஸ் நெடுவரிசை. அங்கே 6.2 என்றால் ஆறும் பத்தில் இரண்டும் அல்ல, ஆறு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். 6.2, 7.2 இரண்டையும் நேரே கூட்டினால் 13.4 காட்டும், சரியான விடை 14⅓, அதாவது 14.1. முழு எண்ணை மூன்றால் பெருக்கி, புள்ளிக்குப் பின்னுள்ளதைக் கூட்டி எல்லாவற்றையும் அவுட்டாக மாற்றிவிடுங்கள்: 20 + 23 = 43 அவுட். கடைசியில் மூன்றால் வகுத்தால் போதும். இரண்டாவது சறுக்கல், ரன் நெடுவரிசைக்குப் பதில் ‘ஏர்ன்டு ரன்’ (ஃபீல்டர் பிழையில்லாமல் விழுந்த ரன்) நெடுவரிசையைப் பார்ப்பது. ஃபீல்டர் பிழையால் விழும் ரன் பிட்சரின் சராசரியில் ஏறாது. ஆனால் ரன்னில்லாத் தொடரை அது அறுத்துவிடும். மூன்றாவது, ஆட்டப் பட்டியலை மட்டும் வைத்து இன்னிங்ஸ் தொடரைக் கணக்கிட முடியாது. ரன் எந்த இன்னிங்ஸில் விழுந்தது என்று தெரிய பந்துக்குப் பந்து விவரம் வேண்டும். ஆட்டக் கணக்கிலான தொடருக்கு மட்டும், நிபந்தனை நிறைவேறினால் மேலே உள்ள கட்டத்தோடு 1 கூட்டு, இல்லாவிட்டால் 0 என்ற சூத்திரம் போதும்.

அலகை மாற்றினால் சாதனையாளரும் மாறுவார். பேட்டர்களை வரிசையாக அவுட் ஆக்கியதில் சிகாகோ ஒயிட் சாக்ஸின் மார்க் பியூர்லி 2009-ல் 45 வரை போனார்: முந்தைய ஆட்டத்தின் கடைசி ஆள், ஜூலை 23 பெர்ஃபெக்ட் கேமின் (எதிரணியில் ஒருவர்கூட பேஸுக்குப் போகாத ஆட்டம்) 27 பேர், அடுத்த ஆட்டத்தின் முதல் 17 பேர். 2014-ல் ஜயண்ட்ஸின் யுஸ்மெய்ரோ பெட்டிட் 46 ஆக்கினார். ஆனால் அது எட்டு ஆட்டங்களில் சிதறிக் கிடந்தது, அதில் ஆறு ரிலீஃபாக (ஆட்டத்தின் நடுவில் மாற்றுப் பிட்சராக) வந்தவை. அதை முடித்துவைத்தது எதிரணிப் பிட்சர் ஜோர்டன் லைல்ஸ் அடித்த டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட வைக்கும் அடி). எண்ணிக்கை பெட்டிட்டுக்குப் பெரிது. ஸ்டார்ட்டர் என்று பார்த்தால் என் ஓட்டு பியூர்லிக்கே.

வாக் கொடுக்காத தொடரில் கிரெக் மேடக்ஸ் 2001-ல் 72⅓ இன்னிங்ஸ். அவர் கட்டுப்பாடு இழந்து அது முடியவில்லை. ஸ்டீவ் ஃபின்லியை வேண்டுமென்றே வாக்கில் அனுப்பினார்கள். அதுவும் வாக்தான் என்பது விதி.

எனக்கு மிகவும் பிடித்தவை பிட்சரின் கையை மீறிய தொடர்கள். கிரிஸ் மெட்லென் தொடங்கிய 23 ஆட்டங்களை அட்லாண்டா பிரேவ்ஸ் வரிசையாக வென்றது (2010 முதல் 2012 வரை). நடுவில் அவருக்கு முழங்கை அறுவை சிகிச்சையே நடந்தது. கார்ல் ஹபெல், ஒயிட்டி ஃபோர்டு ஆகியோரின் 22 அதோடு போயிற்று. இதற்கு நேர் எதிர் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம். குறைந்தது ஆறு இன்னிங்ஸ், மூன்றுக்கு மேல் ஏர்ன்டு ரன் இல்லை என்றால் அது ‘குவாலிட்டி ஸ்டார்ட்’. 2018-ன் கடைசி 24 ஆட்டங்களிலும் 2019-ன் முதல் இரண்டிலும் அதைச் செய்து பாப் கிப்சனின் 26-ஐத் தொட்டார். 2018-ல் அவர் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏர்ன்டு ரன்) 1.70. ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும்; அவர் பெயரில் ஏறிய வெற்றியோ 10 மட்டும், தோல்வி 9. அவர் தொடங்கிய 32 ஆட்டங்களில் அணி 18-ல் தோற்றது.

ஸ்டார்ட்டராகவும் ரிலீஃபாகவும் மாறி மாறி வந்து 1992 மே முதல் 1993 ஜூலை வரை 27 தோல்விகளைத் தொடர்ந்து வாங்கிய ஆந்தனி யங்கும் மெட்ஸ்தான். ஒவ்வொரு முறையும் தோற்கும் வாய்ப்பு 65 விழுக்காடு என்று தாராளமாக வைத்தாலும், குறிப்பிட்ட 27 முடிவுகள் வரிசையாகத் தோல்வியாக 1,12,500-ல் ஒரு வாய்ப்புதான். ஆனால் நூறாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான பிட்சர்கள் வீசியிருக்கிறார்கள். நடந்து முடிந்த பிறகு அதில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து வியக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அதிசயம் கொஞ்சம் சுருங்கும். அந்த 1992-லேயே அவர் 15 ஆட்டங்களை ‘சேவ்’ (கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காப்பது) செய்தும் இருக்கிறார். தோல்வித் தொடரில் சேவ் எண்ணப்படாது. வெற்றியோ தோல்வியோ பெயரில் ஏறாத ஆட்டங்களும் அதைத் துண்டிக்காது.

1993 ஜூலை 28 அன்று ஃபுளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக 3-3 என்றிருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸ் வீச வந்தார். ஒரு ரன் விழுந்தது, அதுவும் அவர் சராசரியில் ஏறாத ரன். 28-வது தோல்வி எழுதத் தயாராக இருந்தது. மெட்ஸ் தன் முறையில் இரண்டு ரன் எடுத்தது. எடி மரே அடித்த டபுளில் 5-4. வெற்றி பெற்ற பிட்சர்: யங்.