1520 வாங்கியாச்சு, சீட் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறான். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1520 வந்திருக்கிறது. எம்.ஐ.டி., ஹார்வர்ட், யேல் மூன்றுக்கும் விண்ணப்பிக்கப் போகிறான். "இன்னொரு தடவை எழுதி 1570ஐத் தாண்டிட்டா சீட் உறுதி" என்கிறார்கள் கோச்சிங் சென்டரில். எழுத வைக்கலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த "உறுதி"யை மறந்துவிடுங்கள் அம்மா. நம் ஊர் இன்ஜினீயரிங் கலந்தாய்வில் 197 கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளை, 196.5 வைத்திருக்கும் பிள்ளைக்கு முன்னால் போய் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிடும், அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்தக் கணக்கிலேயே ஊறிவிட்டு அமெரிக்காவைப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம். அங்கே தரவரிசைப் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. 2024ல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 54,000 பேர், இடம் கிடைத்தது 2,000க்கும் குறைவானவர்களுக்கு. ஸ்கோர் அனுப்பிச் சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேர், அதாவது மேலே கால்வாசி, கீழே கால்வாசிப் பேரை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் பாதிப் பேர், ஏறக்குறைய 1500க்கும் 1580க்கும் நடுவில் இருக்கிறார்கள். அதாவது சேர்ந்தவர்களிலேயே கால்வாசிப் பேர் 1500க்குக் கீழே. உங்கள் பையன் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறான், இன்னொரு 50 மதிப்பெண் அவனை வேறு எங்கேயும் கொண்டுபோய் நிறுத்தாது.

எம்.ஐ.டி. மட்டும் கொஞ்சம் தனிக்கதை. கணக்குக்கு 800, ஆங்கிலத்துக்கு 800 என்ற இரண்டு பகுதிகளில் அந்த 1520 எப்படிப் பிரிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே சேர்பவர்களில் நடுப்பாதிப் பேருக்குக் கணக்கில் 780 முதல் 800 வரை இருக்கும். கணக்கில் 790, ஆங்கிலத்தில் 730 என்றால் இதோடு விட்டுவிடுங்கள். கணக்கில் 720தான் என்றால் மறுபடி எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது, இரண்டு தடவை எழுதினாலும் ஒவ்வொரு பகுதியிலும் அதிகமாக வாங்கியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதால் நஷ்டமும் இல்லை.

ஏன் கணக்கில் இவ்வளவு கறார் என்றால், அங்கே எந்தப் பாடத்தை எடுத்துப் படித்தாலும், பொருளாதாரமோ இசையோ, இரண்டு செமஸ்டர் கால்குலஸும் இரண்டு செமஸ்டர் இயற்பியலும் படித்தே தீர வேண்டும். கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்திருந்த எஸ்.ஏ.டி.யை 2022 மார்ச்சில் எம்.ஐ.டி. திரும்பக் கட்டாயமாக்கியபோது சொன்ன காரணமும் இதுதான்: பிள்ளை இந்தப் பாடங்களைத் தாக்குப்பிடிக்குமா என்பது தெரிய வேண்டும். தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை, முழு மதிப்பெண் வாங்கியவருக்குத் தனி மரியாதையும் கிடையாது என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கோச்சிங் சென்டர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த பேட்ச் நிரம்பாது.

கேள்வி: நான் திருச்சி பக்கத்தில் ஒரு சின்ன ஊர் பள்ளியில் படிக்கிறேன். எஸ்.ஏ.டி.யில் 1410. நிறைய கல்லூரிகள் "டெஸ்ட் ஆப்ஷனல்", அதாவது ஸ்கோர் அனுப்புவது நம் விருப்பம், என்கின்றன. குறைவான ஸ்கோரை அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பதே நல்லது என்று சீனியர் அண்ணன்கள் சொல்கிறார்கள், சரியா சார்?
- மாணவர், திருச்சி மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் எங்கே விண்ணப்பிக்கிறாய் என்று பார். "ஆப்ஷனல்" எல்லாம் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது. 2024ல் மட்டும் டார்ட்மத், யேல், பிரௌன், ஹார்வர்ட், கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்ட் என்று வரிசையாகத் தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தன. யேல் மட்டும் தன் அறிவிப்பில், எஸ்.ஏ.டி.க்கோ அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி.க்கோ பதில் ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) அல்லது ஐ.பி. (ஒரு சர்வதேசப் பாடத்திட்டம்) மதிப்பெண் கொடுத்தாலும் போதும் என்றது. கொலம்பியா இன்னும் ஆப்ஷனல்தான். பெர்க்லி, யு.சி.எல்.ஏ. எல்லாம் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவுக்கு ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை, நீ 1600 வாங்கி அனுப்பினாலும் அதுதான். அதே மாநிலத்தில் கால்டெக் கட்டாயம் கேட்கிறது. ஒரே மாநிலத்துக்குள் இந்த லட்சணம், அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்.

இப்போது உன் 1410. சீனியர்கள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதே. டார்ட்மத் கல்லூரி தன் பேராசிரியர்களை வைத்தே பழைய விண்ணப்பங்களை ஆராய்ந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் 1400 சொச்சம் வாங்கிவிட்டு, "இது பத்தாது" என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருந்தார்கள், அனுப்பியிருந்தால் அவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்று தெரிந்தது. ஏனென்றால் சேர்க்கை அலுவலர் ஸ்கோரைத் தனியாகப் பார்ப்பதில்லை, எந்தப் பள்ளியிலிருந்து, எந்தச் சூழலிலிருந்து வந்தது என்று சேர்த்துப் பார்க்கிறார். சர்வதேசப் பள்ளியில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்தவர் 1410 வாங்குவதும், ஏ.பி. வகுப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பள்ளியிலிருந்து நீ 1410 வாங்குவதும் அவருக்கு ஒன்றல்ல.

இன்னொன்று. உன் பள்ளியை அந்த அலுவலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். உன் மார்க் ஷீட்டில் இருக்கும் 95 சதவீதம் தாராளமாகப் போட்டதா, கஞ்சத்தனமாகப் போட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் பழக்கமான ஒரே அளவுகோல் அந்த நாலு இலக்க எண்தான். என் கருத்தில், பெயர் தெரியாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத்தான் இந்தத் தேர்வு அதிகம் உதவுகிறது. ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடு, அதில் சி9 என்ற பகுதியில் சேர்ந்தவர்களின் ஸ்கோர் இருக்கும். அந்த வட்டத்துக்கு மிகவும் கீழே இருந்தால் ஆப்ஷனல் கல்லூரிக்கு அனுப்பாதே. கொஞ்சம்தான் கீழே என்றால் அனுப்பு. முடிந்தால் இன்னும் ஒரு தடவை எழுது, உனக்கு அது நிஜமாகவே பயன்படும்.

கேள்வி: இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கான தேர்வுதானே? இதை ஒழித்தால்தானே நியாயம்?
- வாசகர், மதுரை

பதில்: பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அதிக ஸ்கோர் வாங்குகிறார்கள் என்பது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தேர்வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? கட்டுரை, சிபாரிசுக் கடிதம், கோடை விடுமுறையில் "ஆராய்ச்சி", வயலின், படகுப் போட்டி. இதில் எது பணமில்லாமல் வருகிறது சொல்லுங்கள்? கட்டுரையைத் திருத்திக் கொடுக்கவே அங்கே ஆட்கள் ஆயிரக்கணக்கான டாலர் வாங்குகிறார்கள். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2023ல் வெளியிட்ட ஆய்வில், ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுப் பெயர்பெற்ற கல்லூரிகள்) மாதிரியான இடங்களில் ஒரே ஸ்கோர் வாங்கிய இரண்டு பிள்ளைகளில், நாட்டின் பணக்கார 1 சதவீத வீட்டுப் பிள்ளை சேர்வதற்கான வாய்ப்பு நடுத்தர வர்க்கப் பிள்ளையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. ஒரே ஸ்கோர் என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் அநியாயம் நடந்தது தேர்வுக்கு வெளியே: அப்பாவோ அம்மாவோ அதே கல்லூரியில் படித்தவர் என்ற சலுகை, விளையாட்டு வீரர் கோட்டா, "பண்பு நலன்" மாதிரியான விஷயங்களுக்குப் போடும் மதிப்பெண்.

தேர்வையே விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. 2019ல் அமெரிக்காவில் வெடித்த ஊழலில் ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், பணக்காரப் பெற்றோரிடம் காசு வாங்கிக்கொண்டு விடைத்தாளையே ஆள் வைத்துத் திருத்தினார். 2023ல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. ஆனால் அதே ஆள் பொய்யான விளையாட்டுச் சான்றுகளும் தயாரித்துப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தேர்வு இல்லாவிட்டாலும் அந்த வழி திறந்தேதான் இருந்தது.

கேள்வி: 1550க்கு மேல் வாங்கினால் ஐவி லீக் அட்மிஷனுக்கு நாங்கள் கேரண்டி என்று ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார்.
- வாசகர், சென்னை

பதில்: கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்களால் பணம் கட்டிப் படிக்க வைக்க முடியாது. ஸ்கோர் நன்றாக இருந்தால் உதவித்தொகை கிடைக்குமா?
- வாசகி, சேலம்

பதில்: இதுதான் உருப்படியான கேள்வி. ஹார்வர்ட், எம்.ஐ.டி., யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் "பணம் கட்ட முடியுமா" என்பதைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்வார்கள், இடம் கிடைத்துவிட்டால் குடும்ப வருமானத்துக்குத் தக்கபடி உதவி வரும். அங்கே ஸ்கோருக்கென்று தனியாக ஒரு பைசா கிடையாது. மற்ற பல கல்லூரிகளில் உதவி கேட்பதே சேர்க்கையைப் பாதிக்கும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயர் அவ்வளவாகப் பேசப்படாத மாநிலப் பல்கலைக்கழகங்கள் சில, அலபாமா மாதிரி, பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்.ஏ.டி.யையும் வைத்து மெரிட் உதவித்தொகைக்கான அட்டவணையையே வெளியிடுகின்றன. அங்கே 30 மதிப்பெண் கூடினால் சில சமயம் அடுத்த படிக்குப் போய் ஆயிரக்கணக்கான டாலர் மிச்சமாகும். மறுபடி எழுதுவதாக இருந்தால் இந்தப் பணத்துக்காக எழுதுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அட்டவணை தனியாக இருக்கலாம், வருடா வருடம் மாறவும் செய்யும், அதனால் போன வருட ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் பார்த்து நம்பாமல் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே போய்ப் பாருங்கள்.