டைல்ஸ் ஜாயிண்ட் கறுத்ததற்கு அட்வான்ஸில் கைவைக்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு வீட்டில் ஏழு வருடம் வாடகைக்கு இருந்து, போன மாதம் காலி செய்தோம். அட்வான்ஸ் 75,000 ரூபாய். "ரெண்டு பாத்ரூமிலும் கிச்சனிலும் டைல்ஸ் ஜாயிண்ட் கறுத்து உதிர்ந்துபோச்சு, எல்லாத்தையும் சுரண்டி எடுத்து எபாக்ஸி பசைக் கலவை போட்டேன்" என்று சொல்லி 28,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுத்தார் ஹவுஸ் ஓனர். ஒரு டைல்ஸைக்கூட நாங்கள் உடைக்கவில்லை. இது நியாயமா? - வாசகி, சென்னை

பதில்: அம்மா, முதலில் ஒரு கேள்வி. பாத்ரூம் கழுவ ஆசிட் ஊற்றுவீர்களா?

காரணம் இருக்கிறது. தினமும் தண்ணீர் படும் இடத்தில் ஏழு வருடத்தில் ஜாயிண்ட் கறுப்பதும் அங்கங்கே உதிர்வதும் சாதாரணத் தேய்மானம். வீட்டை எடுத்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும் சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 108-ஆம் பிரிவே இயல்பான தேய்மானத்துக்கு விலக்கும் கொடுக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டமும் (2017) அதே வழிதான். எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதன் இரண்டாவது அட்டவணை பிரித்திருக்கிறது. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, கட்டுமானப் பழுது எல்லாம் உரிமையாளர் கணக்கு. டேப் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரர் கணக்கு. டைல்ஸ் இடுக்கு அதில் தனியாகச் சொல்லப்படவில்லை. ஆகவே, வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் ஆசிட் விஷயம் வேறு. சிமெண்டை ஆசிட் அரித்துவிடும். வாரம் தவறாமல் ஊற்றிக் கழுவியிருந்தால், அது தேய்மானமல்ல, நீங்கள் செய்த சேதம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்தில் எனக்கே கொஞ்சம் நியாயம் தெரிகிறது.

அப்படியே வைத்துக்கொண்டாலும் 28,000 நிற்காது. முன்பு இருந்தது என்ன? பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒயிட் சிமெண்ட்தான். எபாக்ஸி அதைவிடப் பல மடங்கு விலை, கூலியும் கூடுதல். ஒயிட் சிமெண்ட் இருந்த இடத்தில் எபாக்ஸி போட்டு வீட்டின் தரத்தை உயர்த்திக்கொண்டு, அதற்கான பில்லை உங்கள் தலையில் கட்ட முடியாது. கேட்கக்கூடியது அதே தரத்தில் திரும்பப் பூசும் செலவு, அதுவும் நீங்கள் கெடுத்த இடத்துக்கு மட்டும். ஏழு வருடப் பழசு என்பதையும் கழிக்க வேண்டும். கீழ்வீட்டில் ஒழுகுகிறது என்றும் சொல்லியிருந்தால், அது பெரும்பாலும் டைல்ஸுக்கு அடியில் வாட்டர் புரூஃபிங் போன கதை. அந்தச் செலவு அவருடையது.

சரி, என்ன செய்யலாம்? மேஸ்திரியின் பில்லையும், வேலைக்கு முன் எடுத்த படங்களையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் பரவாயில்லை, அழித்துவிடாதீர்கள். குடிவந்தபோது எடுத்த குடும்பப் புகைப்படம் ஒன்றில் பின்னணியில் கிச்சன் சுவர் தெரிந்தால்கூட அது சாட்சிதான்! பிறகு 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லை என்றால், நேராக வழக்குக்குப் போகாமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். 28,000-க்கு வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறுவது உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் அலுப்பு. பணத்தை மீட்க வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு என்பதால் அவசரம் ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மீதி 47,000-ஐ வாங்கியபோது, "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் நோட்டீஸ் அனுப்பும் முன் அந்தத் தாளின் நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.