‘வாறன் அம்மா’ – கடிதமும் பதிலும்

வணக்கம்,

என் மகள் 9 வருடமாக அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதிய உத்தியோகத்தர். இப்போது இங்கிலாந்து போகவென்று ஓஈரி (OET) என்கிற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலச் சோதனைக்குப் படிக்கிறாள். நிரந்தர வேலை, பென்சன், வீட்டிலிருந்து 15 நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஷெல் விழ விழ நின்று வேலை செய்த நேர்ஸ்மாரைக் கண்டவர்கள் நாங்கள். இந்தக் காலப் பிள்ளைகளிடம் ஏன் அந்தச் சேவை மனப்பான்மை இல்லை? இவளை எப்படி மறிப்பது?

– ஒரு தகப்பன், கோப்பாய், யாழ்ப்பாணம்

அன்புள்ள ஐயா,

பென்சன் கதையை விடுவோம். அரசாங்க ஊழியர் 5 வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் சுற்றறிக்கை வந்தது. இப்போதைய நடைமுறையை நிர்வாகக் கிளையில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ‘சேவை மனப்பான்மை’ என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் எனக்கு மனம் கொதித்துவிட்டது.

என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து 19 நாள் வாட்டில் கிடந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். இரவில் துணைக்கு நான் நின்றேன். கட்டில்கள் நிரம்பி, நிலத்திலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். 40 பேருக்கு மேல் இருக்கும். நேர்ஸ் இரண்டே பேர். அதில் ஒரு பிள்ளை சேலைன் போத்தலின் கீழ் நின்று, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் துளி எண்ணினாள். 12, 13 என்று போகும்போது அந்தத் தொங்கலில் இருந்து யாரோ கூப்பிட்டார்கள். “வாறன் அம்மா” என்றாள். கணக்குத் தவறியது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினாள். அன்றிரவு அந்த “வாறன் அம்மா”வை எத்தனை தரம் கேட்டேன் என்று சொல்லத் தெரியாது.

அசைய முடியாத நோயாளியை 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றுதான் அவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அம்மாவை 10 மணிக்குத் திருப்பினாள். அடுத்த தரம் வந்தபோது விடிய 5 மணி. முதுகின் அடியில் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு மாறவில்லை; படுக்கைப்புண் தொடங்குவதன் அடையாளம் அது. “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா” என்றாள். என்ன குற்றம் செய்தாள் அந்தப் பிள்ளை? படித்தபடி வேலை செய்ய முடியாத ஒரு இடத்தில் நின்றது ஒன்றுதான். இப்போது அவள் இந்த நாட்டில் இல்லை.

காசுக்காகப் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022க்குப் பிறகு யாருக்குத்தான் சம்பளம் போதும்? ஆனால் சம்பளம் நல்ல நாட்டிலும் நேர்ஸ்மார் வேலையை விடுகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை எடுத்து தாதியியல் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு நேர்ஸின் கையில் ஒரு நோயாளி கூடினால், அவர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 வீதமும் வேலையில் வெறுப்புக் கொள்ளும் வாய்ப்பு 15 வீதமும் கூடுகின்றன. சத்திரசிகிச்சை செய்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. ஒரே ஒரு நோயாளி, ஐயா! இங்கே நிலத்தில் பாய் விரிக்கிறோம்.

அதே நாட்டில் 1983இல், நேர்ஸ்மார் விட்டுப் போகாமல் நிலைத்து நிற்கும் 41 ஆஸ்பத்திரிகளைத் தேடிப் பிடித்துக் காரணம் கேட்டார்கள். போதிய ஆட்கள் இருந்தார்கள், வாட்டு விஷயத்தில் நேர்ஸின் சொல் எடுபட்டது. நிற்க வைத்தவற்றில் இவை முக்கியமானவை. உங்கள் மகளின் சொல்லை இங்கே யார் கேட்கிறார்கள்? நீங்களே என்னிடம்தானே கேட்டு எழுதியிருக்கிறீர்கள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். 1987 ஒக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டபோது, நோயாளிகளோடு வைத்தியர்களும் தாதியரும் செத்தார்கள். அவர்களை நினைத்து விளக்குக் கொளுத்துங்கள். அந்தச் சாவைக் கம்பாக எடுத்து உங்கள் பிள்ளைக்கு அடிக்காதீர்கள். அவர்கள் நின்றது, 35 வருடம் கழித்தும் ஒருத்தி 20 பேரைத் தனியே பார்க்க வேண்டும் என்பதற்காக அல்ல.

மறிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. நாளை அவள் நைட் முடிந்து வரும்போது, சோதனைப் புத்தகத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்காமல் ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். “ராத்திரி வாட்டில எத்தனை பேர் பிள்ளை?” என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை எழும்ப வேண்டாம்.