கேள்வி–பதில்: காற்றின் வழி

கேள்வி: நம் 'ஜன்னல்' போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது என்று படித்தேன். அண்டை மொழியான ஸ்பானியத்திலோ அதற்கு 'வெந்தானா' என்று பெயர். இரண்டும் லத்தீன் வழிவந்த மொழிகள்தாமே, ஏன் இந்த வேறுபாடு? விற்பனையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'வெந்தா' இதற்கு உறவா?
– வாசகர், மதுரை

பதில்: ரோமானியர்கள் ஜன்னலை 'ஃபெனெஸ்த்ரா' என்றார்கள். இத்தாலியமும் பிரெஞ்சும் அச்சொல்லையே சிறு மாற்றங்களோடு இன்றுவரை வைத்திருக்கின்றன. லத்தீன் குடும்பத்தைச் சேராத ஜெர்மன்கூட அதை 'ஃபென்ஸ்டர்' என்று கடன் வாங்கிக்கொண்டது. பழைய ஸ்பானியத்திலும் 'ஃபினியெஸ்த்ரா' இருந்தது. பின்னாளில் அதன் இடத்தை 'வெந்தானா' பிடித்துக்கொண்டது.

வெந்தானாவின் வேர், காற்றைக் குறிக்கும் லத்தீன் 'வெந்துஸ்'. காற்றுப் புகும் திறப்பு என்பதே அதன் அடிப்படைப் பொருள் என்பதால்தான், மூக்குத் துளையையும் ஸ்பானியர்கள் மூக்கின் வெந்தானா என்று சொல்கிறார்கள். காற்றுக்கு ஸ்பானியச் சொல் 'வியெந்தோ' ஆயிற்றே, ஜன்னல் ஏன் 'வியெந்தானா' ஆகவில்லை என்று கேட்கலாம். லத்தீனின் குறில் எகரம் அழுத்தம் பெறும் அசையில் இருந்தால் மட்டுமே ஸ்பானியத்தில் 'இயெ' என்று விரியும். நிலத்தைக் குறிக்கும் 'தெர்ரா' என்ற லத்தீன் சொல் 'தியெர்ரா' ஆனது அப்படித்தான். வெந்தானாவில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுவதால், முதல் அசையின் எகரம் லத்தீனில் இருந்தபடியே நிற்கிறது. ஒலிமாற்றத்தின் இந்த ஒழுங்கு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

காற்றைக் குறிக்கும் சமஸ்கிருத 'வாத' என்ற சொல்லும் வெந்துஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஆகவே நாம் கடனாகப் பெற்ற 'வாதம்' வெந்தானாவுக்குத் தூரத்து உறவு. சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆனாலும் கால் என்பது காற்று, அதர் என்பது வழி என்று பிரித்துப் பார்த்தால், ஸ்பானியர்கள் ஜன்னலைக் கண்ட விதமாகவே நம் முன்னோரும் கண்டிருப்பது புலப்படும்.

போர்த்துகீசியம் வேறு வழியில் சென்றது. வாசலைக் குறிக்கும் லத்தீன் 'யானுவா'விலிருந்து சிறு வாசல் என்ற பொருளில் பிறந்ததே ஜனேலா. வாயில்களின் தெய்வமான யானுஸும், அவர் பெயரால் அமைந்த ஜனவரி மாதமும் இதே குடும்பம். ஸ்பானியத்தில் ஜனவரியைக் குறிக்கும் 'எனேரோ'வும் அவ்வழி வந்ததே.

வெந்தாவுக்கும் வெந்தானாவுக்கும் உறவில்லை. வெந்தா, விற்றல் என்னும் பொருளுடைய 'வெந்தெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலம் வழியாக நாம் அறிந்த 'வெண்டர்' அதற்குத்தான் நெருங்கிய உறவு.