டாக்ஸிசைக்ளினையும் மாலா-டியையும் சேர்த்துப் போடலாமா?

தோழி, முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாலா-டி கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், டாக்ஸிசைக்ளின் கருத்தடை மாத்திரையைக் கெடுக்காது. கெடுப்பது காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் போன்றவை, அவை கல்லீரலைத் தூண்டி ஹார்மோனைச் சீக்கிரம் உடைத்துவிடும். ஆனால் மாலா-டி போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள், கடுமையான வயிற்றுப்போக்கு ஒரு நாளைத் தாண்டினால் ஆணுறையும் வேண்டும்.

அப்புறம், மாலா-டி அட்டையின் கடைசி வரிசையில் வேறு நிறத்தில் இருக்கிற 7 மாத்திரையும் இரும்புச்சத்து, அதை டாக்ஸிசைக்ளினோடு சேர்த்து விழுங்கினால் பரு மருந்துதான் உடம்பில் சரியாகச் சேராது, அதனால் நடுவே 3 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நாள் தள்ளிப்போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்பக் காலத்தில் டாக்ஸிசைக்ளின் ஆகாது.