படிவம் அனுப்பும்போது பக்கம் ஏன் மறுபடி லோட் ஆகிறது?

கேள்வி: பதிவுப் படிவத்தை ஃபெட்ச் (பக்கம் மாறாமலே சர்வருக்குத் தகவல் அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) வழியாக அனுப்புகிறேன். 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் பக்கமே மறுபடி லோட் ஆகிறது. முகவரிப் பட்டையில் கேள்விக்குறியும் அதன்பின் பெயர், மின்னஞ்சலும் வந்து நிற்கின்றன. பிரவுசர் தானாகச் செய்வதைத் தடுக்கும் பிரிவென்ட் டிஃபால்ட் வரியை எழுதித்தான் இருக்கிறேன். பிழைகளைக் காட்டும் கன்சோலில் எதுவும் இல்லை.

பதில்: கேள்விக்குறி தெரிந்தாலே படிவத்தை அனுப்பியது உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல, பிரவுசர். மெத்தட் குறிப்பிடாத படிவத்தை அது கெட் முறையில், அதாவது தகவலை முகவரியிலேயே ஒட்டித்தான் அனுப்பும். (கடவுச்சொல் கட்டம் இருந்தால் அதுவும் ஹிஸ்டரியில் பதிந்துவிடும். முதல் வேலையாக ஃபார்ம் டேகில் மெத்தட்டைப் போஸ்ட் ஆக்குங்கள்; அப்போது தகவல் முகவரியில் வராது.)

கன்சோல் காலியாக இருப்பதை நம்ப வேண்டாம். பக்கம் லோட் ஆகும்போது பழைய பிழைகள் அழிந்துவிடும். க்ரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபிலும் கன்சோல் செட்டிங்ஸிலும் 'பிரிசர்வ் லாக்'கை டிக் செய்துவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள். ஃபெட்ச் அழைப்பு பட்டியலிலேயே இல்லையா? ஹேண்ட்லர் (படிவம் அனுப்பும்போது ஓட நீங்கள் எழுதிய ஃபங்ஷன்) ஓடவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது. இருந்தும் 'கேன்சல்ட்' என்று காட்டுகிறதா? பதில் வருவதற்குள் பக்கம் மாறிவிட்டது.

பிரிவென்ட் டிஃபால்ட் எழுதியும் பலிக்கவில்லை என்றால், அதற்கு மேலே ஓர் அவெய்ட் (பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் சொல்) இருக்கிறதா பாருங்கள். மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவானதா என்று சர்வரைக் கேட்கும் வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவெய்ட் வந்ததும் ஃபங்ஷன் நின்று, பிடி பிரவுசரிடம் போய்விடும். அதுவரை யாரும் தடுக்காததால் பிரவுசர் படிவத்தை அனுப்பத் தொடங்கிவிடும். பிறகு உங்கள் வரி ஓடினாலும் பயனில்லை. ஹேண்ட்லரின் முதல் வரியே பிரிவென்ட் டிஃபால்ட்டாக இருக்கட்டும். மின்னஞ்சல் சோதனை அதற்குக் கீழே.

கேள்வி: இரண்டு முறை பதிவாவதைத் தடுக்க, அழுத்தியதும் எல்லாக் கட்டங்களையும் டிஸேபிள் செய்தேன். இப்போது சர்வருக்கு எதுவுமே போவதில்லை.

பதில்: படிவத்தின் மதிப்புகளைத் திரட்டும் ஃபார்ம்டேட்டா, டிஸேபிள் ஆன கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளாது. முதலில் ஃபார்ம்டேட்டாவை உருவாக்கி, அப்புறம் பூட்டுங்கள். உண்மையில் அனுப்பும் பொத்தானை மட்டும் பூட்டினால் போதும்; என்டர் அழுத்தினாலும் படிவம் போகாது. பூட்டைத் திறக்கும் வரியை, பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலியில் வையுங்கள்; ட்ரைக்குள் வைத்தால், நெட் துண்டிக்கும்போது பொத்தான் பூட்டியபடியே கிடக்கும். ஒரே ஒரு கட்டம் மட்டும் விடுபட்டால் காரணம் வேறு: அதற்கு ஐடி இருக்கும், நேம் இருக்காது.

கேள்வி: சர்வர் 500 பிழை தருகிறது. என் பக்கமோ 'பதிவு வெற்றி' என்கிறது. பிழையைக் கையாளும் கேட்ச் ஏன் அதைப் பிடிக்கவில்லை?

பதில்: எந்த எண்ணோடு வந்தாலும், பதில் வந்துவிட்டால் ஃபெட்ச்சுக்கு அது வெற்றிதான். நெட் இல்லாதபோதோ கார்ஸ் (வேறு தளத்தின் பதிலைப் படிக்க பிரவுசர் விதிக்கும் கட்டுப்பாடு) தடுக்கும்போதோதான் கேட்ச்சுக்குப் போகும். எனவே ரெஸ்பான்ஸின் ஓகே மதிப்பைச் சோதியுங்கள். 200 முதல் 299 வரை மட்டுமே அது ட்ரூ. ஜேசன் (தகவல் பரிமாறும் உரை வடிவம்) படிக்கும் வரியில் 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' பிழை வந்து, கூடவே '<' குறி தெரிந்தால், சர்வர் ஜேசனுக்குப் பதில் எச்டிஎம்எல் அனுப்பியிருக்கிறது. நெட்வொர்க் டேபில் அந்த அழைப்பின் 'ரெஸ்பான்ஸ்' பகுதியைத் திறந்தால், அது பிழைப் பக்கமா லாகின் பக்கமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.